பகல் பதினொரு மணிக்கு விளக்கை அளந்தவள்

போன மாதம் ஒரு தம்பி என் வீட்டுக்கு வந்தார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட். பருத்திப்பட்டு ஏரியைப் பார்த்தபடி இருக்கும் என் மொட்டை மாடியில் சோலார் போட்டால் ஐந்தே வருடத்தில் போட்ட முதல் திரும்பிவிடும் என்றார். எப்படிக் கணக்குப் போட்டீர்கள் என்று கேட்டேன். "ஆப்லயே வந்துடும் ஆன்ட்டி" என்றார். பக்கத்து வீட்டு மாமரத்தின் நிழல் மூன்று மணிக்கு என் மாடியில் எதுவரை விழும் என்று கேட்டேன். சோலார் பலகையில் படியும் தூசியை யார் துடைப்பார்கள், இந்த வீட்டில் கரண்ட் செலவு பகலிலா ராத்திரியிலா என்றும் கேட்டேன். பாவம், குடிக்கத் தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். செருப்பை மாட்டிக்கொண்டே, "நீங்க ஈ.பி.ல வேலை பார்த்தீங்களா?" என்றார்.

ஈ.பி.யில் இல்லை. கரண்ட் கம்பி போகாத வீடுகளுக்குக் கொடுக்கும் சோலார் விளக்கு போட்ட காசுக்குத் தகுமா தகாதா என்று அளந்து சொல்வதுதான் என் வேலை. இருபது வருடத்துக்கு மேல் அந்த வேலையில்தான் சோறு சாப்பிட்டேன். நன்றாகவே செய்தேன். இதில் எனக்கு அடக்கம் எல்லாம் கிடையாது. "அத எழுதுங்களேன் ஆன்ட்டி, எங்களுக்கு யாரும் இதெல்லாம் சொல்லித் தரல" என்று அந்தத் தம்பி சொல்லிவிட்டுப் போனார். எழுத உட்கார்ந்தால் நான் சரியாகச் செய்த நூறு வேலைகள் ஞாபகத்துக்கு வரவில்லை. தப்பாகச் செய்த ஒன்றுதான் முன்னால் வந்து நிற்கிறது. அதையே எழுதிவிடுகிறேன்.

என் பெயர் வள்ளிநாயகி. அப்பாவுக்குத் திருநெல்வேலிப் பக்கம். ஆவடியில் தொழிற்சாலை வேலை கிடைத்துக் குவார்ட்டர்ஸுக்குக் குடிவந்தவர். நான் மின்சாரத்தில் டிப்ளமோ படித்தேன். வகுப்பில் பெண்கள் இரண்டு பேர்தான். இன்னொருத்தி கல்யாணம் ஆகி நின்றுவிட்டாள். ஒரு வருடம் அம்பத்தூரில் டிரான்ஸ்பார்மருக்குக் கம்பிச் சுருள் சுற்றினேன். எண்பதுகளின் கடைசியில், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஸ்க்ரூ பட்டறையின் மாடியில் இருந்த, சோலார் விளக்குத் திட்டத்தின் சின்ன அலுவலகத்தில் கள ஆய்வாளராகச் சேர்ந்தேன். கீழே பட்டறை ஓடினால் மேலே மேஜையில் பேனா தானாக நகரும். அங்கே எனக்கு மேலதிகாரி தேவசகாயம் சார்.

சார் அதற்கு முன்பு ஒரு தொழிற்சாலையில் தரச்சோதனைப் பிரிவில் இருந்தவர். ஒல்லியான உருவம், எப்போதும் முழுக்கைச் சட்டை, சட்டைப் பையில் ஒரு சின்ன பூதக்கண்ணாடி. குரலை உயர்த்தவே மாட்டார். அவர் குரலைத் தாழ்த்தினால் நாங்கள் எழுதியதை முதலிலிருந்து திரும்பப் பார்ப்போம். அவருடைய சட்டங்கள் கொஞ்சம்தான். பென்சிலில் எழுதக் கூடாது. தப்பாக எழுதினால் அழிக்கக் கூடாது. ஒரே கோடாக அடித்து, அடித்தது படிக்கத் தெரிகிற மாதிரி விட்டு, பக்கத்தில் சரியானதை எழுத வேண்டும். நோட்டில் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் 'பா' அல்லது 'கே' என்று போட வேண்டும். பா என்றால் நான் பார்த்தது. கே என்றால் யாரோ சொல்லிக் கேட்டது. நான் சேர்ந்த புதிதில் ஒரு பக்கம் முழுக்கக் 'கே' போட்டுக் கொண்டுபோய் நீட்டினேன். "ஏம்மா, ஊர்க்கதை கேட்கத்தான் உனக்கு பஸ் சார்ஜ் குடுக்கிறோமா?" என்றார், மெதுவாக. அதற்குப் பிறகு நான் 'பா' மட்டும்தான் எழுதினேன். அதில் எனக்கு ஒரு கர்வமே வந்துவிட்டது.

சென்னீர்குப்பத்துக்கு உள்ளே, பெங்களூர் ரோட்டிலிருந்து இறங்கி நடந்தால் ஓடைமேடு என்று ஒரு குடியிருப்பு. ஓடைப் புறம்போக்கு. பட்டா இல்லாததால் கரண்ட் கனெக்‌ஷன் கிடையாது. பக்கத்துத் தொழிற்சாலைக்குப் போகும் கம்பி அவர்கள் கூரைக்கு மேலேயே போகும், வீட்டுக்குள் மட்டும் வராது. அங்கே இருபத்து நான்கு வீடுகளுக்குச் சோதனைக்காகச் சோலார் விளக்கு கொடுத்தோம். கூரை ஓரத்தில் மூங்கில் கம்பத்தில் ஒரு பலகை, வீட்டுக்குள் மரப்பெட்டியில் பேட்டரி, ஒரு சின்னக் குழல் விளக்கு. விளக்கு எத்தனை மணி நேரம் எரிந்தது என்று காட்ட ஒவ்வொன்றிலும் ஒரு மணி மீட்டர். பெட்டிமேல் ஒரு அட்டை தொங்கும். மாதா மாதம் நான் போய் அளந்ததை எழுதி, என் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போடுவேன். ஓடைமேட்டில் எனக்கு மீட்ரக்கா என்று பெயர்.

அளக்கும் முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், அந்தத் தம்பிக்காக. முதலில் மணி மீட்டர். அடுத்து மண்ணெண்ணெய். எவ்வளவு செலவானது என்று கேட்க மாட்டேன். ஒவ்வொரு வீட்டு கேனிலும் காகிதப் பட்டை ஒட்டிக் கோடு போட்டு வைத்திருந்தேன், அதைப் பார்ப்பேன். கடைசியில் பேட்டரி. ஹைட்ரோமீட்டர் என்பது கண்ணாடிக் குழாய். ஒரு முனையில் ரப்பர் உருண்டை, உள்ளே ஒரு மிதவை. பேட்டரியின் ஆறு மூடிகளையும் திறந்து, ஒவ்வொரு அறையிலிருந்தும் திரவத்தை உறிஞ்ச வேண்டும். மிதவை உயர்ந்து நின்றால் பேட்டரி நிறைந்திருக்கிறது, தாழ்ந்தால் வற்றியிருக்கிறது. குனிந்து பார்த்தால் தப்பாகத் தெரியும், குழாயைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடிக்க வேண்டும். அப்போது ஒரு சொட்டு சிந்தினாலும் ஆசிட். என் காட்டன் புடவைகள் எல்லாவற்றிலும் முழங்காலுக்குக் கீழே ஓட்டை. "வேலைக்குப் போறியா, எலியோட சண்டைக்குப் போறியா?" என்று அம்மா கேட்பாள்.

இந்த மூன்றையும் வைத்து விடை கண்டுபிடிக்க வேண்டும். பலகை, பேட்டரி, சில வருடத்துக்கு ஒரு தடவை மாற்றும் புதுப் பேட்டரி என்று விளக்கின் ஆயுள் முழுக்க ஆகும் செலவைக் கூட்டி, அது எரியும் மணி நேரத்தால் வகுத்தால் ஒரு மணி நேர வெளிச்சத்தின் விலை வரும். அது மண்ணெண்ணெய் விளக்கைவிடக் குறைவாக இருந்தால் திட்டம் தேறியது. விளக்கு அதிகம் எரிந்தால் விலை குறையும், எரியாவிட்டால் ஏறும். ஸ்கூட்டர் வாங்கி வாசலில் நிறுத்தி வைத்தால் கிலோமீட்டர் கணக்கு என்ன ஆகும், அந்த மாதிரி.

ஆறு மாதம் ஆனது. ஓடைமேட்டு மீட்டர்கள் எனக்கு எரிச்சல் மூட்டின. ஒரு விளக்கு ஒரு நாளைக்கு மூன்று மணி நேரமாவது எரியும் என்று எதிர்பார்த்திருந்தோம். இருபத்து நான்கு மீட்டரும் அதில் கால் பங்குதான் காட்டின. "விளக்கு போடறதில்லையா?" என்று வீடு வீடாகக் கேட்டேன். "போட்றோமே, தெனமும் போட்றோம்" என்றார்கள். எனக்குக் கோபமாக வந்தது. மீட்டர் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, இப்படிப் புளுகுகிறார்களே என்று. மண்ணெண்ணெய் செலவு பாதிக்குமேல் குறைந்திருந்ததையும் நான் பார்த்தேன், எழுதினேன். ரேஷனில் எண்ணெய் சரியாக வந்திருக்காது என்று அதற்கு ஒரு காரணத்தையும் நானே கண்டுபிடித்துக்கொண்டேன்.

அந்தச் சமயம் பார்த்து சாருக்குக் குடலிறக்க ஆபரேஷன். அரையாண்டு அறிக்கையைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டிய நாள் நெருங்கிவிட்டது. நானே எழுதினேன், நானே கையெழுத்துப் போட்டேன். "ஓடைமேட்டில் விளக்குகள் பயன்படுத்தப்படவில்லை, மக்களுக்கு ஆர்வம் இல்லை, ஒரு மணி நேர வெளிச்சத்தின் செலவு மண்ணெண்ணெயைவிடப் பல மடங்கு அதிகம்." என் பெயரில் போன முதல் அறிக்கை. கார்பன் நகலை வீட்டுக்கு எடுத்துப் போய் அப்பாவிடம் காட்டினேன்.

இரண்டு மாதத்தில் பதில் உத்தரவு வந்தது. ஓடைமேட்டு விளக்குகளை மாத முடிவுக்குள் கழற்றி எடுத்து வேறு ஊருக்கு அனுப்ப வேண்டும். உத்தரவின் நகல் ஒன்று ஓடைமேட்டுக்கும் தபாலில் போயிருந்தது. எந்தத் தேதியில் கழற்றுவது என்று சொல்லிவிட்டு வர, அளக்கும் வேலை இல்லாததால் மதியத்துக்கு மேல் நான் கிளம்பினேன். அன்றைக்கு அம்பத்தூரிலிருந்து வந்த பஸ் வானகரத்தில் நின்றுவிட்டது. அடுத்த பஸ்ஸைப் பிடித்து நான் ஓடைமேட்டில் கால் வைக்கும்போது மாலை ஆறரை தாண்டி, இருட்ட ஆரம்பித்திருந்தது.

வரிசையாக வீடுகள் இருட்டாகக் கிடந்தன. எனக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி வந்தது என்பதை மறைக்க மாட்டேன். நான் எழுதியது சரிதானே என்று நினைத்துக்கொண்டே நடந்தேன். நான்காவது வீட்டில் மட்டும் வாசல் வரைக்கும் வெள்ளை வெளிச்சம். எட்டிப் பார்த்தேன். மும்தாஜின் வீடு அது. பூந்தமல்லியிலிருந்து கல்யாணமாகி வந்தவள், என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவள். விளக்குக்குக் கீழே பாயில் அவளோடு இன்னும் மூன்று வீட்டுப் பெண்கள். அம்பத்தூர் எக்ஸ்போர்ட் கம்பெனியிலிருந்து வந்த சட்டைகள் குவியலாகக் கிடந்தன. அவர்கள் பொத்தான் தைத்துப் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார்கள். சுவர் ஓரத்தில் ஏழு பிள்ளைகள் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"வாக்கா, இன்னா இந்நேரத்துல? குந்து" என்று மும்தாஜ் சட்டைகளை ஒதுக்கி இடம் கொடுத்தாள்.

"மத்த வீட்ல எல்லாம் ஏன் இருட்டா இருக்கு?"

"இன்னிக்கி எங்க ஊட்டு மொறை. நேத்து கோவிந்தம்மா ஊட்ல குந்திகினு இருந்தோம். நாளைக்கி அவங்க ஊடு." எதிரில் இருந்தவளைக் காட்டினாள். "நாலு ஊட்டுக்கு ஒரு மொறை. தண்ணி லாரி வந்தா மொறை வெச்சிதானே புடிக்கிறோம், அத்த மாரி."

இருபத்து நான்கு வீடுகள், நான்கு நான்காக ஆறு கூட்டம். ஒரு கூட்டத்தில் ஒரு நாளைக்கு ஒரு விளக்குதான் எரியும். மற்ற மூன்றும் சும்மா இருக்கும்.

"ஏன் இப்படிச் செய்யறீங்க? ஆளுக்கு ஒரு விளக்கு இருக்கே!" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது.

மும்தாஜ் ஊசியை நிறுத்திவிட்டு என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். "நீதானேக்கா சொன்னே? பேட்ரிய தெனமும் ஒட்ட உறிஞ்சாதீங்க, ஓய்வு குடுத்தா ரொம்ப வருசம் வரும்னு. வெளக்கு மாட்ன அன்னிக்கி சொன்னியே. அதான் ஓய்வு குடுக்கறோம்."

சொன்னேன்தான். ஒவ்வொரு வீட்டிலும் சொன்னேன். விளக்கை அளக்கப் போன நான், எட்டு மாதத்தில் ஒரு நாள்கூட விளக்கு எரியும் நேரத்தில் அங்கே போனதில்லை. அலுவலக நேரம் பத்து முதல் ஐந்து. ஆகவே நான் போனது எல்லாம் பகல் பதினொரு மணிக்கு. ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் 'பா' போட்டிருந்தேன், ஒன்றையும் பார்க்கவில்லை. மும்தாஜ் கொடுத்த டீயைப் பாதியில் வைத்தேன். கழற்றும் தேதியைச் சொல்லாமலே எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் சார் ஆபரேஷனும் இரண்டு மாத ஓய்வும் முடிந்து வேலைக்கு வந்திருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என் நோட்டை வாங்கி, பூதக்கண்ணாடி இல்லாமலே, மீட்டர் பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"இருபத்து நாலு வீடு. எல்லாம் ஒரே மாதிரி கால் பங்கு. ஒண்ணு கூடல, ஒண்ணு குறையல. ஆர்வமில்லாத ஜனங்க இவ்வளவு ஒழுங்கா இருப்பாங்களாம்மா?" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. அவர் பார்க்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "புது அறிக்கை எழுது. நான் வாசிக்கிறேன்" என்றார்.

எழுதினேன். "முந்தைய அறிக்கையில் சில பிழைகள் நேர்ந்துள்ளன" என்று ஆரம்பித்திருந்தேன். அந்த வரியை ஒரே கோடாக அடித்தார். "பிழை தானா பஸ் ஏறி வந்துச்சா?" என்றார். முதல் வரி இப்படி மாறியது: "முந்தைய அறிக்கையில் நான் எழுதியது தவறு." அதற்குக் கீழேதான் மற்ற எல்லாம். விளக்கு எரிந்த மணி நேரத்தை, அதன் கீழ் உட்கார்ந்த நான்கு வீடுகளால் பெருக்கிப் பார்த்தால், ஓடைமேட்டில் ஒரு மணி நேர வெளிச்சத்தின் செலவு மண்ணெண்ணெய்க்குக் கீழே இறங்கிவிட்டது. மண்ணெண்ணெய் குறைந்ததற்கும் அர்த்தம் கிடைத்தது.

விஷயம் இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். அதுதான் இல்லை. தலைமை அலுவலகத்திலிருந்து அதிகாரி ஒருவர் நேரிலேயே வந்தார். கெட்டிக்கார மனிதர். மாலையில் ஓடைமேட்டுக்கு அழைத்துப் போனோம். ஒரு விளக்கின் கீழ் நான்கு குடும்பம் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தார், சந்தோஷப்பட்டார், பிறகு சொன்னார்:

"ரொம்ப நல்லது. அப்போ நாலு வீட்டுக்கு ஒரு விளக்கு போதும். ஆறு விளக்கை இங்க விட்டுட்டு பதினெட்டை எடுத்துடலாம். இன்னும் மூணு ஊருக்கு ஆகும்."

என் நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். கணக்குப்படி அவர் சொன்னதில் தப்பு இல்லை. என் புது அறிக்கையிலேயே அதற்கு ஆதாரம் இருந்தது. பொய்யான அறிக்கையால் எல்லா விளக்கும் போக இருந்தது, உண்மையான அறிக்கையால் முக்கால்வாசி போகப்போகிறது.  எதிர்த்துப் பேசியது மும்தாஜ்தான். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றாள்.

"சார், எங்குளுக்கு தண்ணி லாரி வாரத்துக்கு ரெண்டு நாளு வருது. அன்னிக்கி ஊட்டுக்கு ஒரு கொடம் போதும்னு நிறுத்திக்கினா மத்த நாளு இன்னாத்த குடிக்கிறது?"

"அது தண்ணிம்மா. இது வெயில். வெயில் தினமும் வருது."

"மழக்காலத்துல வந்து பாரு சார், எங்க வருதுன்னு."

அதிகாரி சிரித்துவிட்டார். "பேச்சு நல்லாத்தான் இருக்கு. எனக்கு எண் வேணும்" என்று சாரிடம் சொன்னார். சார் உடனே, "மழை முடியிற வரைக்கும் டைம் குடுங்க" என்று கேட்டார். கொடுத்தார். உத்தரவு நிறுத்தி வைக்கப்பட்டது.

சார் போட்ட திட்டம் எளிமையானது. நான்கு விளக்கு தேவையா, ஒன்று போதுமா என்று தெரிய வேண்டுமானால் ஒற்றை விளக்கை மழையில் தினமும் எரிய வைத்துப் பார்க்க வேண்டும். அதை ஓடைமேட்டிலேயே செய்யலாமா என்று மும்தாஜிடம் கேட்டேன். "எங்க ஊட்டு வெளக்க வெச்சி வெளாடாதே. உங்க ஆபீஸ்ல மாட்டிப் பாரு" என்றாள். நியாயம்தான். அம்பத்தூர் அலுவலக மாடியில் ஒரு பலகை, அதே பேட்டரி, அதே விளக்கு. மாலை ஆறரைக்குப் போட்டு ஒன்பதரைக்கு அணைக்க வேண்டும். வாட்ச்மேன் பார்த்துக்கொள்வார் என்றேன். சார் ஒப்புக்கொள்ளவில்லை. ஆபரேஷன் ஆன மனிதர், தினமும் ஒன்பதரை வரைக்கும் அந்த விளக்குக்கு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வீட்டிலிருந்து டிபன் கேரியர் வரும். நான் ஓடைமேட்டைப் பார்த்துக்கொண்டேன்.

ஐப்பசி பாதியில் மழை பிடித்தது. சூரியன் மருந்துக்கும் இல்லை. பெங்களூர் ரோட்டிலிருந்து ஓடைமேட்டுக்கு இறங்கும் பாதையில் முழங்கால் தண்ணீர். ஹைட்ரோமீட்டரை முந்தானையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு போவேன். சாயங்காலம் விளக்கு போடும்போது அங்கே இருப்பேன். இருபத்து நான்கு பெட்டி, பெட்டிக்கு ஆறு மூடி. ஒன்றைக்கூட விடவில்லை. மூன்றாவது நாள் அளந்து முடித்து அலுவலகத்துக்கு வந்தபோது சார் இருட்டில் உட்கார்ந்திருந்தார்.

"எட்டு மணிக்கு மங்க ஆரம்பிச்சுது. எட்டு இருபதுக்கு அணைஞ்சுது. எழுதிக்கோ" என்றார். அவர் குரலில் இருந்தது சந்தோஷம். அணைந்த விளக்குக்கு எதிரில் ஒரு மனிதர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

ஓடைமேட்டில் அணையவில்லை. நான்காவது நாளும் எரிந்தது, ஐந்தாவது நாளும் எரிந்தது. ரேஷன் கடை வாசலில் தண்ணீர் ஏறிக் கடை மூடிக் கிடந்தது. மண்ணெண்ணெய் எங்கேயும் கிடைக்கவில்லை. பெங்களூர் ரோட்டில் கம்பம் சாய்ந்து, கரண்ட் இருந்த வீடுகளிலேயே இருட்டு. அங்கிருந்து இரண்டு பேர் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளிச்சம் தேடி ஓடைமேட்டுக்கு வந்தார்கள். ஒரு பேட்டரி இறங்கினால் முறை மாறி அடுத்த வீட்டுப் பேட்டரி நிறைந்து நிற்கும். மும்தாஜ் கூட்டத்தின் சட்டை வேலை ஒரு நாளும் நிற்கவில்லை. எட்டாவது நாள் மேகம் விலகி வெயில் வந்தபோதும், ஆறு கூட்டத்திலும் குறைந்தது ஒரு பேட்டரியாவது பாதிக்கு மேல் இருந்தது. என் கண்ணுக்கு நேரே குழாயைப் பிடித்துப் பார்த்தேன்.

அந்த எண்களை வைத்து மூன்றாவது அறிக்கை எழுதினேன். ஒரு விளக்கு நான்கு வீட்டுக்கு வெயில் காலத்தில் போதும், மழையில் மூன்றாம் நாள் கைவிடும். அந்த ஒற்றைப் பேட்டரி தினமும் வற்றி வற்றிச் சீக்கிரம் சாகும், அதைத் திரும்பத் திரும்ப மாற்றும் செலவைச் சேர்த்தால் நான்கு விளக்குகளை முறை வைத்து எரிப்பதில் வரும் லாபம் தெரியும். வெளிச்சத்தின் விலையை வெளிச்சம் தேவைப்படும் நாளில் அளக்க வேண்டும் என்று ஒரு வரியும் எழுதினேன். சார் அதைப் படித்தார். அடிக்கவில்லை. அவரிடம் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

தை பிறந்ததும் உத்தரவு ரத்தாகிவிட்டது என்று கடிதம் வந்தது. இருபத்து நான்கும் ஓடைமேட்டிலேயே இருக்கும். மற்ற ஊர்களுக்குப் புதிதாக வாங்கிக் கொடுக்கும்போதும் முறை வைத்து எரிக்கச் சொல்லிக் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகு எத்தனையோ குடியிருப்புகளில் அளந்தேன். எங்கே போனாலும் விளக்கு எரியும் நேரத்தில் ஒரு தடவை உட்காராமல் ஒரு எண்ணும் எழுதியதில்லை. அலுவலக நேரத்தையே அதற்காக மாற்ற வைத்தேன். அந்தச் சண்டை தனிக் கதை, அதிலும் நான்தான் ஜெயித்தேன்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு அன்றைக்கே ஓடைமேட்டுக்குப் போனேன். சாயங்காலம். கோவிந்தம்மா வீட்டு முறை. எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். பிள்ளைகள் கத்தின. யாரோ வெல்லம் கொண்டு வந்தார்கள். என்னால்தான் அந்த வெல்லத்தை வாயில் போட முடியவில்லை. இத்தனை மாதம் இவர்கள் வீட்டு டீயைக் குடித்துக்கொண்டு, இவர்களைக் காப்பாற்ற வந்தவள் மாதிரி அலைந்திருக்கிறேன். விளக்கைப் பிடுங்க வைத்ததே நான் என்று ஒருத்தருக்கும் சொல்லவில்லை. மும்தாஜைத் தனியாக வாசலுக்குக் கூப்பிட்டேன்.

"மும்தாஜ், உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். வெளக்க எடுக்கச் சொல்லி உத்தரவு வந்துச்சே, அது என்னாலதான் வந்துச்சு. நீங்க வெளக்கே போடறதில்லன்னு எழுதிக் குடுத்தது நான்தான்."

அவள் பல்லால் ஒரு நூலைக் கடித்துத் துப்பினாள். "தெரியும்க்கா."

"தெரியுமா?"

"அந்த லெட்டரு வந்த அன்னிக்கே கோவிந்தம்மா பொண்ணு படிச்சி சொல்லிச்சி. மேல 'பார்வை'ன்னு போட்டு, நீ எழுதன அறிக்கைன்னு உம் பேரு இருந்திச்சி. பேட்ரி பொட்டி அட்டையில கீற பேரும் அதுல கீற பேரும் ஒண்ணுதானே."

அந்த லெட்டர் வந்த பிறகுதான் நான் அந்தச் சாயங்காலம் போனேன். குந்து என்று இடம் கொடுத்தாள். டீ கொடுத்தாள். நான் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். மழை நாட்களில் பெட்டி மூடியைத் திறந்து கொடுத்து, கண்ணாடிக் குழாயைத் துடைத்தும் கொடுத்தாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. "தெரிஞ்சும் ஏன் என்னை ஒரு வார்த்த கேக்கல? நான்னா வெரட்டி அடிச்சிருப்பேன்" என்றேன்.

"கோவிந்தம்மா வெரட்டத்தான் சொல்லிச்சி. நான்தான் வாணாம்னேன்." உள்ளேயிருந்து பிள்ளைகளின் சத்தம் கேட்டது. அவள் அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பினாள். "எழுதனது நீ. மாத்தி எழுதறதுக்கும் நீதானே வரணும். உன்ன வெரட்டிட்டா நான் யாராண்டக்கா போவேன்?"

அப்படிச் சொல்லிவிட்டு என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போய், விளக்குக்குக் கீழே அவளுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தாள். வெல்லத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.